காவல் போன தோட்டம்: கண்டியில் இளங்கன்றுகளும் பசித்த விலங்குகளும்

கண்டிக்கு வசந்தகாலம் கிடையாது. நடுகைக்கு இரண்டு மழைகள்தான் உண்டு. தை தொடங்கிப் பங்குனி நடுப்பகுதிவரை மண் காய்ந்து கிடக்கும். பிறகு பின்னேரங்களில் இடி முழங்கி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒரு மழை வரும். ஐப்பசி, கார்த்திகையில் வருவது அதைவிடப் பெரிது. இந்த மழைகளின் முதல் நனைப்போடுதான் பேராதனையிலும் குண்டசாலையிலும் கம்பளையிலும் வீட்டுக்காரர்கள் போஞ்சி விதை போடுகிறார்கள். கத்தரி, தக்காளி, கறிமிளகாய் நாற்றுகளைப் பாத்திக்கு மாற்றுகிறார்கள். வாழைக்குட்டியும் தென்னம்பிள்ளையும் வைக்கிறார்கள். வரட்சியில் மெலிந்த விலங்குகளும் அதே நனைப்புக்குத்தான் காத்திருக்கின்றன. காட்டோரத் தோட்டங்களில் ஒரு பயிர் பிழைக்குமா என்பது பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே தீர்ந்துவிடுகிறது.

நாட்டில் நடக்கும் பேச்சோ பெரும்பாலும் காய்த்த மரத்தைப் பற்றியது. எத்தனை தேங்காய் போயிற்று, எத்தனை குரங்கு உண்டு, சுடலாமா, ஏற்றுமதி செய்யலாமா என்பதுதான் செய்தி. முளைவிட்ட கன்றைக் காப்பது வேறொரு கேள்வி. அதற்கு வேறு கணக்கு, வேறு கருவிகள், வேறு ஆட்கள் வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் இவ்வளவு பணம் செலவழிந்தும் பாத்தி வெறுமையாகவே கிடக்கிறது என்பது என் கணிப்பு.

யார் தின்றது?

காலையில் பாத்தி மொட்டையாகக் கிடந்தால் கண்டியில் பழி உடனே குரங்கின் மேல் விழும். பல வேளைகளில் அது பொய்ப்பழி. குரங்கு பகலில் நடமாடுவது. இரவில் போன கன்றுக்கு அது பொறுப்பாகாது. வேலிக்குப் பணம் கொடுக்குமுன் வெட்டுவாயைக் குனிந்து பார்ப்பது நல்லது.

தண்டு கத்தியால் சரித்து வெட்டியதுபோல் இருந்தால் அது முயல். அதன் முன்பற்கள் அப்படி. மான் இனத்துக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அதனால் நக்கிள்ஸ் அடிவாரத்திலோ ஹந்தானையிலோ மரையோ கேளையாடோ வந்து மேய்ந்திருந்தால் நுனி கிழிந்து நார்நாராக நிற்கும். மண் உழுததுபோல் புரண்டு, வத்தாளையும் மரவள்ளியும் தோண்டப்பட்டிருந்தால் காட்டுப்பன்றி. தென்னம்பிள்ளையின் அடியைக் கடைந்து குருத்தைத் தின்றுவிட்டுப் போவது முள்ளம்பன்றியின் கைவரிசை. சில வேளை முள்ளொன்றை அடையாளமாகப் போட்டுவிட்டும் போகும். போட்ட சோள விதை முளைக்கவே இல்லை, பக்கத்தில் வளை இருக்கிறது என்றால் எலியோ பெருச்சாளியோ. முளைத்த பயற்றையைக் கொத்தி மண்ணைச் சீய்த்திருந்தால் மயில். ஒரு காலத்தில் உலர்வலயத்துப் பறவையாக இருந்த மயில் இப்போது கண்டிப் பக்கத்திலும் அகவுகிறது.

இலையில் நரம்பு மட்டும் மிஞ்சி, பக்கத்தில் வெள்ளி மினுக்காக ஒரு கோடு காய்ந்திருந்தால் நத்தை. கிழக்கு ஆபிரிக்காவுக்குரிய அந்தப் பெரிய நத்தை 1900 அளவில் இலங்கைக்குள் வந்தது. மழை இரவுகளில்தான் அதற்கு வேட்டை. ஒரே இரவில் ஒரு தட்டு நாற்றை முடித்துவிடும். காலையில் கல்லடியிலோ வாழைச் சருகுக்குள்ளோ ஒளிந்துகொள்ளும். அப்போது கூரைமேல் உட்கார்ந்திருக்கும் குரங்கு பழியை ஏற்கும். நத்தைக்கு வேலியும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம். பொழுதுபட்ட பிறகு டோர்ச் லைட்டோடு ஒரு சுற்று, பப்பாசி இலையையோ நனைந்த சாக்கையோ பாத்தி ஓரத்தில் போட்டுவைத்து விடியற்காலையில் அதன் கீழ் சேர்ந்ததைப் பொறுக்கி உப்புநீரில் போடுவது என இவ்வளவே போதும். தொல்லைகளில் இதுதான் மிக மலிவாகத் தீரக்கூடியது. ஆனால் இதைப் பற்றி எந்த அமைச்சரும் பேசியதில்லை.

இனிக் குரங்குகள். கண்டியில் இரண்டு இனம். சிங்களத்தில் ரிலவா எனப்படும் செங்குரங்கு உலகில் இலங்கையில் மட்டுமே உண்டு. உச்சியில் வகிடு எடுத்து வாரிவிட்டதுபோன்ற மயிரும் கன்னத்தில் இரண்டு பைகளும் அதற்கு அடையாளம். அது தின்பதைவிடச் சேதமாக்குவது அதிகம். புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் நாற்றைப் பிடுங்கும், வேரை மணந்து பார்க்கும், ஒரு கடி கடித்து எறியும், அடுத்ததைப் பிடுங்கும். வந்துரா எனப்படும் மந்தி அப்படியில்லை, அது இலைதின்னி. இலையைச் செரிப்பதற்கென்றே அறைகளாகப் பிரிந்த இரைப்பை அதற்கு உண்டு. முற்றிய இலையைவிடக் கொழுந்தையே தேடும். ஒரு கூட்டம் இறங்கினால் போஞ்சிக் கொடியின் நுனிகள் எல்லாம் போய்விடும். முன்னதற்கு நாற்றை மறைக்க வேண்டும், பின்னதற்குக் கொழுந்தை மறைக்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் வலை வாங்கினால் வலைக்காசும் போகும், போஞ்சியும் போகும்.

பழைய வழக்கு

இது நேற்றைய தொல்லை என்று நினைப்பவர்கள் றொபர்ட் நொக்ஸைப் படிக்கலாம். 1660இல் பிடிபட்டு 1679இல் தப்பிப் போகும்வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ஆங்கிலேயன் அவன். பின்னாண்டுகளில் எலதெத்த கிராமத்தில் தானே தோட்டம் வைத்துப் பிழைத்தான். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவனுடைய நூலில் ரிலவா பற்றிச் சொல்லியிருப்பது இன்றைக்கும் அப்படியே பொருந்தும். மனிதரைப்போல் வகிடெடுத்த தலைமயிர், தோட்டத்துக்குள் துணிந்து வரும் திமிர், ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் இறங்கும் சாமர்த்தியம், வயிறு நிறைந்த பிறகும் கை நிறைய அள்ளிப்போகும் பேராசை எல்லாம் அதில் இருக்கின்றன. மூன்றரை நூற்றாண்டாகக் குரங்கு மாறவில்லை. அந்த வரிகளில் இன்னொரு செய்தியும் உண்டு. குடியானவர்கள் இடைவிடாமல் காவல் இருந்தார்கள் என்கிறான். அதற்குப் பிறகு வருவோம்.

அடுத்த சாட்சி ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். 1840களின் பிற்பாதியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். அவர் எழுதிவைத்த கோப்பி எலியின் கதை நம் தமிழ்த் தொழிலாளரோடும் சம்பந்தப்பட்டது. மலைக்காட்டில் நெலு என்றொரு செடி உண்டு. நீலகிரிக் குறிஞ்சியின் உறவு. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதை கொட்டி, மடிந்துவிடும். அந்த விதையை நம்பிப் பெருகிய எலிகள் விதை தீர்ந்ததும் கோப்பித் தோட்டங்களுக்குள் இறங்கின. மொட்டையும் பூவையும் எட்டுவதற்காக மெல்லிய கொம்புகளைக் கத்தியால் நறுக்கியதுபோல் கடித்து வீழ்த்தின. ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம்வரை கொல்லப்பட்டதாக டெனன்ட் எழுதுகிறார். தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலிகளுக்கு அந்த எலி இறைச்சி பிடித்தமானது. தேங்காயெண்ணெயில் பொரித்தும் கறியாக்கியும் உண்டார்கள், எலி இறங்கும் தோட்டங்களையே விரும்பித் தேடினார்கள் என்றும் சொல்கிறார். அந்தப் பிந்திய வாக்கியத்தில் துரைத்தனத்தின் இளக்காரம் இருக்கிறது. கூலிக்குக் கிடைத்த அரிசியின் அளவைப் பற்றி அந்த இடத்தில் அவர் பேசவில்லை. ஆனால் முன்பாதியில் உள்ள அவதானிப்பு விலைமதிப்பற்றது: விலங்கு எப்போது இறங்கும் என்பதைத் தோட்டத்தில் நிற்பது மட்டும் தீர்மானிப்பதில்லை, காட்டில் இல்லாமற் போனதும் தீர்மானிக்கிறது.

காடும் தோட்டமும் ஒன்றான இடம்

கண்டி வீட்டுத்தோட்டம் உலக வேளாண்மை நூல்களில் பெயர் பெற்றது. 1987இல் ஜேக்கப், அலஸ் இருவரும் எழுதிய கட்டுரையும், 1992இல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் வெளியிட்ட மக்கொனலின் நூலும் அதைக் காட்டுத்தோட்டம் என்ற வகையில் வைத்தே பேசுகின்றன. மேலே தென்னை, கித்துள், பலா, ஈரப்பலா. நடுவே சாதிக்காய், கராம்பு, கமுகு, அதில் ஏறிய மிளகு. கீழே கோப்பி, வாழை. நிலத்தில் இஞ்சி, மஞ்சள், கிழங்குகள். மண் அரிக்காது, நிழல் குறையாது, ஆண்டு முழுதும் ஏதாவது ஒன்று காய்க்கும். ஆய்வாளர்கள் வியந்தது இதைத்தான்.

மரத்தின் மேலிருந்து பார்க்கும் குரங்குக்கு இது காடேதான். ஒரு வீட்டுப் பலாவிலிருந்து அடுத்த வீட்டுக் கித்துளுக்குத் தாவி நிலத்தில் கால் வைக்காமலே ஊரைச் சுற்றிவரலாம். நகரத்தின் நடுவிலேயே, தலதா மாளிகைக்குப் பின்புறம், சுமார் 104 ஹெக்டேயரில் உடவத்தகலைக் காடு நிற்கிறது. 1856இல் ஒதுக்குக் காடாகி 1938இல் சரணாலயமானது. மேற்கே கன்னொறுவைக் காடு, தெற்கே ஹந்தானைத் தொடர், கிழக்கே நக்கிள்ஸ். ஆகவே காடு எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்து அந்தக் கோட்டில் வேலி போடுகிற வேலை இங்கே நடக்காது. யானைக்கு மின்வேலி போடுகிறார்கள். யானை ஒரு பக்கத்திலிருந்து வரும். கண்டிக் குரங்கு மேலிருந்து வரும்.

இன்னொரு தீனியையும் சொல்ல வேண்டும். குப்பை. சந்தைக் கழிவு, உணவுக்கடைகளின் எச்சில், வாவிக்கரையில் சுற்றுலா வந்தவர்கள் நீட்டும் வாழைப்பழம் எல்லாம் மனிதரைக் கண்டு ஒதுங்கிய விலங்கை மனிதரைத் தேடிவரும் விலங்காக மாற்றிவிட்டன. 1968 முதல் பொலனறுவையில் செங்குரங்குகளை ஆராய்ந்துவரும் வொல்ப்காங் டிட்டஸும் அவரது கூட்டாளிகளும் 2019இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தச் சேர்க்கை உணவை ஒரு முக்கிய காரணமாகக் காட்டுகிறார்கள். பிடித்து வேறிடத்தில் விடுவது தீர்வல்ல என்பதும் அவர்கள் முடிவு. கொண்டுபோய் விட்ட கூட்டத்தை அந்த இடத்துக் கூட்டம் விரட்டும். விரட்டப்பட்டது பக்கத்து ஊர்த் தோட்டத்துக்குள் இறங்கும். கூட்டில் பிடித்து லொறியில் ஏற்றி அடுத்த பிரதேச சபை எல்லையில் இறக்கிவிடும் பழக்கம் கண்டியைச் சுற்றிலும் உண்டு. ஓர் ஊரின் நிம்மதி அடுத்த ஊரின் தொல்லையாகிறது.

காவல் எங்கே போனது?

நொக்ஸ் சொன்ன இடைவிடாத காவலுக்கு வருவோம். நம் இலக்கியத்தில் தினைப்புனம் காத்தல் என்பது குறிஞ்சித் திணையின் அன்றாடம். பரண்மேல் இருந்து கிளி ஓட்டிய பெண்களின் கையில் தழல், தட்டை, குளிர் என்று கருவிகளே தனியாக இருந்தன. கதிர்காமத்தில் வள்ளி காத்து நின்றதும் தினைப்புனம்தான். சிங்களக் கிராமங்களில் காவற்குடிலில் இரவு கழிப்பவர்கள் பாடிய பாட்டுக்குப் பல் கவி என்றே பெயர். காதலும் பாட்டும் நமக்கு நினைவிருக்கின்றன. அவற்றின் கீழே கிடந்த பொருளாதார உண்மையை மறந்துவிட்டோம். ஒரு பயிரைக் காட்டோரத்தில் விளைவிக்க ஆள் ஒன்று பகலும் இரவும் அங்கே இருக்க வேண்டும். அந்த உழைப்புக்குக் கூலி யாரும் கொடுத்ததில்லை. பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும் அதைச் சுமந்தார்கள்.

இன்று பிள்ளை பள்ளிக்கூடத்தில், பிறகு டியூஷன் வகுப்பில். தாய் ஆடைத் தொழிற்சாலையிலோ மத்திய கிழக்கிலோ. தந்தை கொழும்பில் அல்லது நகரக் கடையில். காலை ஏழரைக்குப் பூட்டிய வீடு பின்னேரம்தான் திறக்கும். குரங்குக் கூட்டம் இந்த நேரசூசியை ஒரு வாரத்தில் படித்துவிடும். பிள்ளை பள்ளிக்கூடம் போவது கெட்ட காரியம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் போனதன் விலையைத் தோட்டம் கட்டுகிறது. இன்று கடையில் விற்கும் வலை, வெடி, மின்வேலி, வாயுத் துப்பாக்கி எதுவானாலும் அது இல்லாமற்போன அந்தக் காவற்காரனுக்கு மாற்றுத்தான். எந்த மாற்று அவன் வேலையைச் செய்யும், எது செய்யாது என்று பார்ப்பதே சரியான ஆய்வு.

எண்ணிக்கையில் சிக்கிய அரசு

2022 நெருக்கடி ஆண்டு. இரசாயனப் பசளைத் தடை விட்டுச்சென்ற குறை விளைச்சலும் டொலர்த் தட்டுப்பாடும் சேர்ந்து உணவு விலையை ஏற்றியபோது, அந்த ஜூனில் அமைச்சரவை ஓர் அபூர்வ முடிவெடுத்தது: அரச ஊழியர்களுக்கு மூன்று மாதம் வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை, வீட்டில் மரக்கறி பயிரிடுவதற்காக. நாடு முழுதும் முன்பின் மண்வெட்டி தொடாதவர்கள் நாற்று வைத்தார்கள். வெள்ளி தவிர்ந்த மற்ற நாட்களில் அந்த நாற்றுகளை யார் பார்த்துக்கொள்வது என்று சுற்றறிக்கையில் இல்லை.

அடுத்த ஆண்டு பேச்சு நாற்றைவிட்டுக் குரங்குக்கு மாறியது. 2023 ஏப்ரலில் அன்றைய விவசாய அமைச்சர் மஹிந்த அமரவீர, ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீன விலங்ககங்களுக்கு அனுப்புவது பற்றிப் பேசினார். அப்படியொரு கோரிக்கை தமக்குத் தெரியாது என்றது சீனத் தூதரகம். சுற்றாடல் அமைப்புகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின. அவ்வாறு அனுப்பப் போவதில்லை என்று அந்த ஜூனில் சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்துக்கு அறிவித்தது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் அருகிவரும் இனமாகப் பட்டியலிட்ட விலங்கு அது என்பது இந்தக் கூச்சலில் பலருக்குப் புதுச்செய்தியாக இருந்தது.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுதும் மின்சாரம் போனபோது பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கின் மேல் பழி விழுந்தது. அதுவரை பயிருக்கு எதிரியாக இருந்தது அன்றோடு தேசத்துக்கே எதிரியானது. அடுத்த மாதம் 15ஆம் திகதி காலை 8.00 மணி முதல் 8.05 வரை, ஐந்தே நிமிடத்தில், மக்கள் தத்தம் காணியில் கண்ட குரங்கு, மந்தி, மலையணில், மயில் முதலியவற்றை எண்ணி எழுதும் கணக்கெடுப்பு நடந்தது. பின்னர் அறிவிக்கப்பட்ட முடிவு: 51 இலட்சத்துக்கு மேற்பட்ட செங்குரங்கு, 17 இலட்சத்தளவில் மந்தி, 26 இலட்சத்தளவில் மலையணில், 42 இலட்சத்தளவில் மயில். அதற்கு இரண்டாண்டுக்கு முன் செங்குரங்கு இருபது முப்பது இலட்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டாண்டில் இரட்டிப்பானதாக எடுத்துக்கொள்வதா, எண்ணியவர்கள் வேலியின் இருபுறமும் நின்று ஒரே கூட்டத்தை இரண்டுமுறை எழுதியதாக எடுத்துக்கொள்வதா? ஆய்வாளர்கள் பலர் அந்த முறையைக் கேள்விக்குட்படுத்தினார்கள். மலையணில் நாட்டின் தேசிய விலங்காகச் சொல்லப்படுவது. அதையும் பீடைப் பட்டியலில் வைத்து எண்ணியிருக்கிறோம்.

என் ஆட்சேபம் வேறு. எண்ணிக்கை சரியென்றே வைத்துக்கொள்வோம். ஐம்பது இலட்சம் நாற்பது இலட்சமாகக் குறைந்தால் பேராதனையில் ஒரு வீட்டுக் கத்தரிப் பாத்திக்கு என்ன வித்தியாசம்? ஒரு பாத்தியை அழிக்க ஒரு கூட்டம்கூட வேண்டாம், இரண்டு குட்டிகள் போதும். இமாசலப் பிரதேசத்தின் அனுபவம் இங்கே உதவும். 2006-07 முதல் அங்கே குரங்குகளுக்குக் கருத்தடை செய்கிறார்கள். ஒன்றரை இலட்சத்துக்கு மேல் செய்தாயிற்று. 2016இல் சிம்லா நகரில் அவற்றைப் பீடை என்று அறிவித்துக் கொல்லவும் அனுமதித்தார்கள். கொல்ல முன்வந்தவர்கள் மிகச் சிலரே. அனுமனைக் கும்பிடும் கை துப்பாக்கியைத் தூக்காது. றம்பொடையில் அனுமன் கோயிலுக்குப் போய்வரும் நம்மவர்களும் அப்படித்தான். பௌத்த அயலவர்களும் உயிர்க்கொலைக்குத் தயங்குகிறார்கள். கருத்தடை நீண்டகாலத்துக்கு நல்லதாகலாம். ஆனால் கருத்தடை செய்த குரங்குக்கும் பசிக்கும். இருபது ஆண்டுக்கு மேல் அது வாழக்கூடும். இந்தச் சித்திரைக்கு நட்ட கன்றுக்கு அதனால் பயனில்லை.

வெடி, வலை, வேலி

யானைவெடி, தகரத் தட்டு, கவண், சோளக்கொல்லைப் பொம்மை, மினுக்கு நாடா எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம்: ஆள் நின்று இடம் மாற்றி, வகை மாற்றிச் செய்தால் பயன், வைத்துவிட்டுப் போனால் சில நாட்களில் குரங்கு பொம்மையின் தோளில் உட்காரும். வாயுத் துப்பாக்கி ஆள் இருக்கும்போது மட்டும் வேலை செய்யும். ஆள் இருந்தால் துப்பாக்கி அவ்வளவு தேவையுமில்லை. நாய் நல்ல காவல், ஆனால் சங்கிலியில் கட்டிய நாய்க்கு எவ்வளவு நீளம் எட்டும் என்று குரங்குக்குத் தெரியும்.

வலைதான் உண்மையான மாற்று. அதிலும் தோட்டம் முழுவதையும் மூடப் பார்ப்பது வீண். சரிவான கண்டி நிலத்தில் அது கட்டுப்படியாகாது. மூடவேண்டியது நாற்றுமேடையையும் இளம் பாத்தியையும். ஆறடி அகலம், பத்தடி நீளத்தில் ஒரு கூடு, இடுப்பளவோ ஆளுயரமோ. முக்கியமானது கூரை, நாலு பக்கமும் அடைத்து மேலே திறந்துவைத்தால் குரங்குக்குச் சோறு பரிமாறியதாகும். நைலோன் வலையைச் செங்குரங்கு பல்லால் கிழிக்கும், கையால் அவிழ்க்கும். கோழிக்கூட்டுக்குப் போடும் நாகம் பூசிய கம்பிவலைதான் நிற்கும். அடியில் ஓரடி ஆழத்துக்கு வலையை மண்ணுக்குள் இறக்கினால் முள்ளம்பன்றியும் பெருச்சாளியும் கிண்டி நுழையாது. நத்தைக்குக் கம்பிவலை தடையல்ல. அதற்கு முன்சொன்ன டோர்ச் லைட்தான். மந்தி வெளியே உட்கார்ந்து கையை நீட்டும். ஆகவே செடி வலையோடு ஒட்டாமல் ஒரு முழம் உள்ளே நிற்க வேண்டும்.

கூடு வாங்க வசதியில்லாதவர்களுக்கும் வழி உண்டு. சின்ன நாற்றாக மாற்றாமல் தட்டிலேயே வைத்துத் தண்டு தடித்த பிறகு நடுவது முதலாவது. வேர் பிடித்த கன்றைப் பிடுங்கிப் பார்க்கும் ஆசை குரங்குக்குக் குறைவு. நட்ட அன்றே மண்ணைச் சருகால் மூடிவிடுவது அடுத்தது, புதுமண்ணின் நிறமே அழைப்பு. தனிக் கன்றுக்கு மூங்கில் பிளாச்சுக் கூடை. எலுமிச்சைக் கிளை, முள்வேலிக் கொம்பு. தென்னம்பிள்ளைக்கு அடியில் தகரச் சுற்று. போஞ்சி விதையைப் போத்தலின் அடியை வெட்டிக் கவிழ்த்த குல்லாவுக்குள் முளைக்கவிடலாம், நான்கு இலை வந்ததும் எடுத்துவிடலாம். காசு அதிகம் போகாது, பொறுமைதான் வேண்டும்.

எதை எங்கே நடுவது என்பதையும் மாற்றலாம். இஞ்சி, மஞ்சள், மிளகு, கறிவேப்பிலை, பாகல் இவற்றைக் குரங்கு பெரும்பாலும் தொடுவதில்லை. காட்டுப்பக்கம் அவையும், குசினி வாசலுக்குப் பக்கத்தில் கீரையும் தக்காளியும் என்று ஒழுங்கு வைத்தால் காவற்காரன் இல்லாமலே பாதிக் காவல் கிடைக்கும். சோளமும் வத்தாளையும் காட்டோரத்தில் வைப்பவர் விலங்குக்கே விதைக்கிறார். இப்படிச் சொல்வது எளிது. மரவள்ளிக் கிழங்கில் இரவுச் சாப்பாட்டை முடிக்கும் குடும்பத்திடம் மஞ்சள் நடச்சொல்வது அவ்வளவு எளிதல்ல. பயிர் மாற்றம் பற்றிய ஆலோசனைகளில் இந்தக் கூச்சம் அபூர்வமாகவே தென்படுகிறது.

ஊர் சேராமல் எதுவும் முழுமையாகாது. யப்பானில் மலைக் கிராமங்கள் வயதானவர்களோடு வெறுமையாகிக் குரங்கும் பன்றியும் இறங்கியபோது, 2007இல் அதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த நாட்டு அனுபவத்தில் பலன் தந்தது கொல்வது மட்டுமல்ல. பறிக்காமல் விட்ட பழங்களையும் வயலில் எறிந்த மரக்கறிக் கழிவையும் ஊரே சேர்ந்து அகற்றியது, குரங்கு யார் வளவில் இறங்கினாலும் அயலவர் எல்லாரும் சேர்ந்து துரத்தியது. கண்டி ஒழுங்கைகளில் நாம் செய்வது நேர்மாறு. நம் வளவைவிட்டுப் போனால் சரி என்று அடுத்த வீட்டுப் பக்கம் துரத்துகிறோம். அரைமணி நேரத்தில் அடுத்த வீட்டுக்காரர் திருப்பி அனுப்புகிறார்.

லயத்தைச் சுற்றிய நிலம்

கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை, புஸ்ஸல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. லயத்துக்குப் பக்கத்தில் மரக்கறி போடும் துண்டு நிலம் தொழிலாளிக்குச் சொந்தமில்லை. நிர்வாகம் பார்த்தும் பாராமலும் விட்ட நிலம். தன்னுடையதல்லாத மண்ணில் ஓரடி ஆழத்துக்குக் கம்பிவலை புதைக்க யாருக்கு மனம் வரும்? ஏழு பேர்ச் காணியும் உறுதியும் கிடைத்தவர்கள் கூடு கட்டலாம். மற்றவர்கள் பழைய சேலையையும் சாக்கையும் கட்டிவைக்கிறார்கள்.

கூடவே, மத்திய மலைநாட்டுத் தேயிலையில் பெரும்பகுதி நலிந்துவிட்டது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் முதன்முதலில் வர்த்தகரீதியாகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. இன்று அரச நிறுவனங்களின் கீழுள்ள தோட்டங்களில் எத்தனையோ மலைகள் புல்லும் பற்றையுமாகக் கிடக்கின்றன. பன்றிக்கு அதைவிட நல்ல குடியிருப்பு வேண்டாம். பகலில் பற்றைக்குள், இரவில் லயத்து மரவள்ளிக்குள். அந்தப் பற்றையைத் துப்புரவாக்கும் பொறுப்பு காணி வைத்திருப்பவருடையது. சேதத்தைச் சுமப்பவர் தொழிலாளி.

அவ்விடத்தில்தான் சுருக்குக் கம்பி வருகிறது. கேபிள் கம்பி ஒரு முழம், ஒரு முளை. ஏழைக்குக் கட்டுப்படியாகும் ஒரே வேலி. பன்றிக்கு வைத்ததில் யார் மாட்டுவார் என்று கம்பிக்குத் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணி பகுதியில் மரக்கறித் தோட்டமொன்றின் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. இலங்கையில் மிக அரிதாகவே கண்ணுக்குப்பட்ட விலங்கு அது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். 29ஆம் திகதி இறந்தது. சுருக்கும் கட்டுத்துவக்கும் வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சுவதும் சட்டவிரோதம் மட்டுமல்ல, சிறுத்தையையும் மனிதரையும் கொல்பவை. அவற்றை எந்தக் காரணத்துக்கும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் கம்பி வைத்தவனைக் கைதுசெய்வதோடு கதை முடிந்துவிட்டதாக நினைப்பதையும் நியாயப்படுத்த முடியாது. நெல், சோளம், உருளைக்கிழங்கு போன்ற குறிப்பிட்ட பயிர்களுக்கு வெள்ளம், வரட்சி, யானையால் வரும் இழப்புக்கு அரசின் பயிர்க் காப்புறுதி உண்டு. லயத்துப் பாத்தியில் பன்றி புரட்டிய வத்தாளையை அந்தத் திட்டம் எண்ணி அமைக்கப்பட்டதல்ல.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் தீர்ப்பு இது. காய்த்த மரத்தைக் குரங்கிடமிருந்து முழுதாகக் காக்கும் வழி இன்று கண்டியில் யாரிடமும் இல்லை. அதைத் தருவதாகச் சொல்லும் திட்டங்களை நம்பவேண்டாம். இளங்கன்றைக் காக்கும் வழி இருக்கிறது, அதன் செலவு ஒரு சுருள் கம்பிவலை. விவசாயத் திணைக்களத்தின் தலைமையகமும் மரக்கறி ஆராய்ச்சி நிலையமும் பேராதனையிலும் கன்னொறுவையிலுமே இருக்கின்றன. மூடிய நாற்றுக்கூட்டின் மலிவான மாதிரி ஒன்றை வரைந்துகொடுப்பது அவற்றுக்குப் பெரிய வேலையல்ல. அடுத்த கணக்கெடுப்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கமநல சேவை நிலையங்கள் வழியாகக் கம்பிவலை மானியமாகக் கொடுங்கள். உறுதிப்பத்திரம் இல்லாத லயத்துக் குடும்பங்களை அந்தப் பட்டியலிலிருந்து விட்டுவிடாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன் கொடுங்கள். மழைக்குப் பிறகு வரும் வலையால் அந்தப் போகத்து நாற்றுக்குப் பயனில்லை.